உள்ளே வைத்த பொட்டு

மச்சான்,

போன வாரம் மகன் வீட்டுத் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. துணியும் உள்ளே, தண்ணீரும் உள்ளே. கதவு திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. வாங்கி அதிக நாள் ஆகவில்லை. மகன் திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏங்க, அத தொடாதீங்க! அந்த ஸ்டிக்கர் கிழிஞ்சா கேரண்டி போயிடும்லா!"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். திருகாணித் தலையை மூடிக்கொண்டு வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் காகித வட்டம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் எழுத்து அறியாதவன் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனால் அந்த வட்டத்தை எனக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நீ இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாய். குழாயடியில் யாரோ கை கழுவுகிற சத்தம் கேட்டால் நீதான் என்று தோன்றுகிறது. எண்ணெய்க் கறை போக மணலைப் போட்டுத் தேய்ப்பாயே, அந்தச் சத்தம். புக்கிட் ரோத்தானில் இந்த வீட்டை மகன் கட்டும்போது நீ உயிரோடு இல்லை. இருந்தும் வழி தெரிந்து வந்துவிட்டாய். அதனால்தான் மகள் செல்வியை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறேன். அவள் ரவாங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். நடுநடுவே அவள் ஏதாவது கேட்பாள். கோபித்துக்கொள்ளாதே.

எண்பதுகளில் நம் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் நீ வயர்மேன். நான் கூண்டு தள்ளுகிறவன். பழக்குலை நிரம்பிய இரும்புக் கூண்டுகளைத் தண்டவாளத்தில் தள்ளி, லோரி நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்தப் பெரிய உருளைக்குள் விடுவோம். கதவை மூடி உள்ளே நீராவி விட்டால் பழம் வேகும். வெந்ததும் ஆவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். ஆவி முழுதாகப் போகாமல் திறந்தவன் பிழைத்ததில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கதவோரம் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதைத் திருகிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். சீறினால் நிற்க வேண்டும், சும்மா இருந்தால் திறக்கலாம். கதவு வேலை கோவிந்தனுடையது. "இவ பேசாம இருந்தாத்தான்ணே நல்லவ, எங்க வீட்டுக்காரி மாதிரி இல்ல" என்று அந்தக் குழாயைத் தட்டிக் கொடுப்பான். அவன் மனைவி லெட்சுமி சோறு கொண்டு வரும்போதும் அதையே சொல்வான். அவள் தூக்குச் சட்டியால் அவன் முதுகில் ஒன்று வைப்பாள்.

ஆலையில் உனக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூசைக்கு எல்லாரும் மெஷினைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டுவார்கள். உனக்கு அது போதாது. ஒவ்வொரு மெஷினின் மூடியையும் கழற்றி, உள்ளே துடைத்து, உள்ளேதான் முதல் பொட்டு வைப்பாய். "மேல தொடச்சா மூஞ்சி கழுவின மாதிரி. உள்ள தொடச்சாத்தான் குளிச்ச மாதிரி" என்பாய். மூடியைக் கழற்றியதும் எல்லாரையும் கூப்பிடுவாய். கூண்டு தள்ளுகிற நான், சாம்பல் வாருகிற கிழவர், பாய்லர் பார்க்கும் மலாய்க்கார இஸ்மாயில் எல்லாரும் சுற்றி நிற்க வேண்டும். "இது இங்க இருந்து வருது, அங்க போகுது. பாத்துக்குங்க. நாளைக்கு நான் படுத்துட்டா யாரும் கைய பெசஞ்சிக்கிட்டு நிக்கக்கூடாது."

வருஷத்தில் அந்த ஒரு நாள் ஆலையின் வயிறு எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் படிப்பில்லை. ஆனால் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

பிறகு அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வந்தது. கோலாலம்பூரிலிருந்து அதைச் செய்த கம்பெனி ஆட்கள் வந்து உருளைப் பக்கத்தில் மாட்டினார்கள். ஆவியை எப்போது விடுவது, எப்போது எடுப்பது எல்லாம் இனி அதுவே பார்த்துக்கொள்ளும். சிவப்பு எரிந்தால் கதவுப் பக்கம் போகக்கூடாது, பச்சை எரிந்தால் திறக்கலாம். பெட்டிக்குள் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது, அதன்படி நடக்கும் என்றார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று நீ கேட்டாய். அவர்கள் சிரித்தார்கள். போகும்போது மூடியின் திருகாணி மேல் அந்த வெள்ளி வட்டத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

குறை சொல்லக்கூடாது, பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது. பழம் ஒரே பதமாக வெந்தது. கோவிந்தனுக்குக் காது கொடுத்துக் கேட்கிற வேலை குறைந்தது. கேட்காத குழாயில் நார் அடைத்துக்கொண்டது, யாரும் குத்தி எடுக்கவில்லை. ஒரு நாள் அவன், "பச்ச எரியுது, கதவு ஓரத்துல புஸ்ஸுங்குது. இந்தப் பெட்டி தண்ணி போட்டிருக்குண்ணே" என்றான். எல்லாரும் சிரித்தோம். கோவிந்தன் பத்து சொன்னால் எட்டு விளையாட்டாக இருக்கும். அது அந்த எட்டில் ஒன்றா, மீதி இரண்டில் ஒன்றா என்று அவனைக் கேட்காமல் விட்டோம்.

அந்த வருஷத்து ஆயுத பூசை. ஆலை நின்றிருந்தது. கடலை, பொரி, அவல் எல்லாம் தட்டில். இஞ்சினியர் மலாய்க்காரர், நல்ல மனிதர். சுண்டலை ஒரு கை அள்ளிக்கொண்டு, "பூசையை நடத்துங்கள்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். நீ ஒவ்வொன்றாக மூடி திறந்து, துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாய். சாம்பல் பெட்டிக்கு முன்னால் வந்ததும் நின்றாய்.

"இத விட்டுடு மச்சான்" என்றேன்.

"எல்லாத்துக்கும் குளிப்பாட்டிட்டு இது ஒண்ண மட்டும் அழுக்கா நிறுத்தச் சொல்றியா?"

"பெரிய எடத்துப் பொண்ணுண்ணே, தொட்டா போலீசு வரும்" என்றான் கோவிந்தன்.

"போலீசுக்கும் சுண்டல் இருக்குடா" என்று சொல்லிவிட்டு நீ நகத்தால் அந்த வட்டத்தைக் கிழித்தாய்.

திறந்தாய். நாங்கள் வழக்கம்போல் சுற்றி நின்றோம். பச்சைப் பலகை, அதன் மேல் கால் முளைத்த கறுப்புக் கறுப்பான துண்டுகள். "என்னாண்ணே இது, பூரான் பண்ணையா?" என்றான் கோவிந்தன். நீ சிரிக்கவில்லை. இது இங்கிருந்து வருது, அங்க போகுது என்று உன்னால் காட்ட முடியாத முதல் மெஷின் அது.

உலர்ந்த துணியால் துடைத்தாய். ஒரு பூரானின் முதுகில் ஒட்டியிருந்த சின்னக் காகிதம் துணியோடு வந்துவிட்டது. அடியில் கண்ணாடி மாதிரி ஒரு குட்டிச் சன்னல். காகிதத்தை அதே இடத்தில் வைத்து அழுத்தினாய். நிற்கவில்லை. விரலில் இருந்த சந்தனத்தைத் துளி தடவி ஒட்டினாய். மூடியின் உள்பக்கம் பொட்டு வைத்தாய். மூடினாய். ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட இருக்காது. மறுநாள் பெட்டி எப்போதும் போல ஓடியது. அதற்கு அடுத்த நாளும் ஓடியது.

தீபாவளி முடிந்து சில நாள். பட்டப்பகல். கோவிந்தன் கதவுச் சக்கரத்தில் கை வைத்தபடி என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். லெட்சுமியின் தம்பி சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன் கொண்டு வருவான், எனக்கு ராத்திரி சாப்பாடு அவன் வீட்டில்தான் என்று. பச்சை எரிந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன், நீயும் ஏணி மேலிருந்து பார்த்தாய். அவன் சக்கரத்தைத் திருப்பினான்.

வெடிச் சத்தம் ஒன்றும் இல்லை, மச்சான். பெருமூச்சு மாதிரி வந்தது. அதுதான் என்னை விடவில்லை. ஒரு பெரிய மிருகம் களைத்துப்போய் மூச்சு விட்ட மாதிரி. பிறகு எல்லாம் வெள்ளை. வெள்ளை கலைந்தபோது பச்சை விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

கோவிந்தனைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாரம் முடியும் முன் திரும்பி வந்தான், பெட்டியில்.

கம்பெனியிலிருந்து ஒரு சீன இளைஞன் வந்தான். மூடியைத் திறந்தான். உள்ளே உன் பொட்டைப் பார்த்தான். காகிதம் கோணலாக ஒட்டியிருந்ததையும் பார்த்தான். நீயே முன்னால் போய் நடந்ததை எல்லாம் சொன்னாய், ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் மலாயில் மெதுவாகத்தான் பேசினான். அந்தச் சன்னலுக்குள் வெளிச்சம் போகக்கூடாது, போனால் உள்ளே எழுதியிருப்பது அழியும் என்றான். எவ்வளவு வெளிச்சம் என்று நீ கேட்டாய். வெயிலில் நாள் கணக்காகக் கிடந்தால் அழியும் என்றான். இது ஒரு வெற்றிலை நேரம்தான் என்றாய். அப்படியானால் அழிந்திருக்காது, ஆனால் சந்தனத்தின் ஈரம் இறங்கியிருந்தால் சொல்ல முடியாது என்றான்.

"அப்ப உள்ள இருக்கிறதப் படிச்சுப் பாருங்க. நல்ல பெட்டியில இருக்கிறதயும் படிங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா தப்பு அவங்க எழுதினதுல. வேற வேறயா இருந்தா தப்பு என் கையில. அவ்வளவுதானே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தா போலே, பாங்." முடியாது அண்ணா. உள்ளே இருப்பதை அவனும் பார்த்ததில்லையாம். பெட்டியைக் கழற்றவும் மாட்டவும்தான் அவனுக்கு அனுமதி. கழற்றினான். வேறொன்றை மாட்டினான். புது வட்டம் ஒட்டினான். பழைய பெட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வேனில் வைத்தபோது, கோவிந்தனை இன்னொரு தடவை தூக்கிப்போகிற மாதிரி நீ வேன் பின்னாலேயே கேட் வரைக்கும் நடந்தாய்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று லெட்சுமி உன் வீட்டு வாசலுக்கு வந்தாள். லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க அவளுக்கு அதற்குள் கதை சொல்லியிருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை.

"அண்ணே, நீங்க பொட்டு வெச்சதாலயா?"

நான் உன் பக்கத்தில் நின்றேன். இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று என் மனசு அடித்துக்கொண்டது. கம்பெனியே அப்படி ஒன்றும் முடிவாகச் சொல்லவில்லை. மூடியைத் திறந்திருக்கிறார்கள், அதனால் எங்கள் பொறுப்பில்லை என்று மட்டும்தான் சொல்லியிருந்தது. நீ அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்.

"தெரியலம்மா. தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றேன்."

அப்படித்தான் நாம் இரண்டு பேரும் கோலாலம்பூர் போனோம். கிள்ளானில் பஸ் மாறி, கேட்டுக் கேட்டு அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்தோம். நீ கல்யாணச் சட்டை போட்டிருந்தாய். வெகுநேரம் உட்கார வைத்தபின் கழுத்துப்பட்டை கட்டிய ஓர் அதிகாரி வந்தார். நம்மவர்தான். தமிழ் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"அது கம்பெனி சொத்துங்க. வெளியில காட்ட மாட்டோம்."

"எனக்கு வேணாங்க. ஒரு தடவ பாத்தா போதும். நீங்களே பாத்துச் சொன்னாலும் போதும்."

"பாக்கிறதும் எடுக்கிறதும் எங்க தொழில்ல ஒண்ணுதான். பாத்தவன் நாளைக்கு அதே மாதிரி எழுதிடுவான்."

"நாங்க காசு குடுத்து வாங்கின பெட்டி தானுங்க?"

"பெட்டி உங்க ஆலையோடது. உள்ள எழுதியிருக்கிறது எங்களோடது. அதுவும் இல்லாம, காட்டினாலும் உங்களுக்குப் புரியாது."

நீ என் தோளைத் தொட்டாய். "இவரு எங்க மச்சான். இவருக்குப் படிக்கத் தெரியாது. ஊர்ல இருந்து இவரு அக்கா போடுற கடுதாசிய நான்தான் படிச்சுக் காட்டுறேன். இவருக்குப் புரியாதுன்னு போஸ்ட்மேன் அத வெச்சுக்கலாமா?"

அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். பதில் சொல்ல அவருக்கும் அனுமதி இல்லை என்று எனக்குத் தோன்றியது. "சாப்பிட்டுப் போங்க" என்றார். நாம் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் பஸ் ஜெராமைத் தாண்டியது. நீ சன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய். "நான்தான் கொன்னேன்னு தெரிஞ்சாலும் தூங்கிடுவேன் மச்சான். அழுதுட்டுத் தூங்கிடுவேன். நான் இல்லன்னு தெரிஞ்சாலும் தூங்கிடுவேன். ரெண்டும் இல்லாம எப்படித் தூங்குறது?"

நீ தூங்கவில்லை. எனக்குத் தெரியும், உனக்கும் எனக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தானே. அடுத்த வருஷம் ஆயுத பூசைக்கு நீ எந்த மூடியையும் கழற்றவில்லை. வெளியில் சந்தனத்தைத் தெளித்துவிட்டு ஒதுங்கி நின்றாய். உன்னைச் சுற்றி நிற்க யாரும் வரவும் இல்லை. ஆலையின் வயிறு மூடிக்கொண்டது. எண்பதுகள் முடியும் முன்னே, ஒரு காலையில், தேநீர்க் கோப்பை கையிலிருக்கும்போதே உன் நெஞ்சு நின்றது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். சொல்லட்டும்.

நீ கிடத்தப்பட்டிருந்தபோது லெட்சுமி வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், ஏதோ நடக்கப்போகிறது என்று. அவள் என்னைப் பார்த்துத்தான் பேசினாள். "அன்னிக்கு அண்ணன் இல்லன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். ஆமான்னு சொல்லியிருந்தா மண்ண வாரித் தூத்தியிருப்பேன். தெரியலன்னு சொன்னாரு பாரு. அதுக்கு என்ன செய்யிறதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சு." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது செல்வி பேனாவை நிறுத்தினாள். இப்போது சில பேர் தாங்கள் கம்ப்யூட்டருக்கு எழுதிய கணக்கை மூடி வைக்காமல், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று வெளியில் வைத்துவிடுகிறார்களாம். அவள் வேலை செய்கிற இடத்திலும் அப்படிப்பட்டது ஓடுகிறதாம். "நீங்க சொல்ற அந்த வருசங்கள்லயே வெளிநாட்டுல சில பேரு இதுக்குச் சண்ட போட ஆரம்பிச்சிட்டாங்கப்பா." நீ கழுத்துப்பட்டைக்காரர் முன்னால் கல்யாணச் சட்டையில் நின்றுகொண்டிருந்தபோது, எங்கேயோ கடலுக்கு அப்பால் வேறு யாரோ அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். உனக்கு அது தெரிந்திருந்தால் ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பாயா? அதுவும் எனக்குத் தெரியாது.

"அப்ப அந்தப் பெட்டி இப்ப எங்கப்பா இருக்கும்?" என்று கேட்டாள். உடைத்துப் போட்டிருப்பார்கள். அல்லது மேலே மட்டும் துடைத்து வேறு ஆலைக்கு மாட்டியிருப்பார்கள். அந்த இரண்டாவதைத்தான் என்னால் நினைக்க முடியவில்லை. உள்ளே உன் பொட்டோடு, எவனோ ஒருவனுக்குப் பச்சை காட்டிக்கொண்டு.

லெட்சுமி இருக்கிறாள், மச்சான். ஜெராமில் மகளோடு இருக்கிறாள். கண் சரியில்லை. கோயில் திருவிழாவில், கல்யாணத்தில், சாவில் எங்கே பார்த்தாலும் என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். முதலில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள், கால் வலியைக் கேட்பாள். பிறகு குரலை இறக்கி அதைக் கேட்பாள். நீ தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று சொன்னவன். நீ போன பிறகு அந்தக் கடமை யாருடையது? பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவனுடையது.

"ஏதாவது தெரிஞ்சிச்சா அண்ணே?"

இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். இவ்வளவு வயசுக்கு மேல் அவளும் விட்டுவிடுவாள், நானும் விட்டுவிடலாம். மகன்கூட அதைத்தான் சொல்கிறான். ஆனால் அந்த வார்த்தையை மட்டும் தனியாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும், நீ இருந்தால் எப்படிச் சொல்வாயோ அப்படியே சொல்கிறேன்.

"இன்னும் இல்லம்மா."